ஒன்பதாம் நிலைக்கு இன்னும் படம் இல்லை

தங்கச்சி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்பா இறந்து ஏழு மாதம். பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருடம் குலை வெட்டியவர். அதற்கப்புறம் அம்மா அதிகம் பேசுவதில்லை. நீங்கள் இருட்டில் தொழிற்சாலை பஸ் ஏறி இருட்டில் வீடு திரும்புகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போய்ப் பாடுகிறீர்கள், உள்ளே ஒன்றும் அசைவதில்லை. பள்ளியில் படம் வரைந்து பரிசு வாங்கிய பிள்ளை, கதைப் புத்தகம் இல்லாமல் தூங்காத பிள்ளை. இப்போது மறுபடி நோட்டை எடுத்தால், "இதெல்லாம் எதுக்கு, ஜெபம் பண்ணு" என்கிறார்கள். "கதையும் படமும் விசுவாசமும் உண்மையிலேயே துணிவு தருமா, இல்லை பனடோல் மாதிரி கொஞ்ச நேரம் வலியை மறக்க வைப்பதுதானா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் தமிழ்ப்பள்ளியில் 31 வருடம் ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். இருப்பது மலேசியாவில், சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவில். 2007இல் பெயரை மாற்றினார்கள், என் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான் வருகிறது. என் கணவர் சிறுநீரகம் கெட்டு, நாலு வருடம் வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்கப் போய் வந்து, ஒரு ஆகஸ்டு மாதத்தில் இறந்துபோனார். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் நானும் உங்களைப் போலத்தான் கோயிலில் உட்கார்ந்திருந்தேன். வாய் ஆமென் சொல்லும், அவ்வளவுதான்.

பனடோல் மாதிரிக் கதைகளும் இருக்கத்தான் செய்கின்றன. கடைசிப் பக்கத்தில் எல்லாருக்கும் எல்லாம் கிடைத்துவிடும் கதைகள், நோய் வந்தவர் கட்டாயம் பிழைத்துவிடும் சாட்சிகள், தினமும் கைப்பேசியில் வந்து விழும் "மனம் தளராதே" அட்டைகள். அவற்றைக் குறை சொல்ல மாட்டேன், சில இரவுகளுக்கு அதுவும் வேண்டியிருக்கும். ஆனால் என் கணவர் பிழைக்கவில்லை. அப்போது அந்தச் சாட்சிகள் எனக்கு எதிராகப் பேசுவதுபோல இருந்தன, நான்தான் சரியாக நம்பவில்லை என்பதுபோல. கதையைச் சோதித்துப் பார்க்க என்னிடம் ஒரே வழிதான் உண்டு. புத்தகத்தை மூடியதும் வீட்டில் இருப்பவர்களின் முகத்தைப் பார்க்க முடிகிறதா? முடிந்தால் அது நல்ல கதை. பார்க்கப் பிடிக்காமல் அடுத்த கதைக்குள் ஓடச் சொன்னால், அது மாத்திரைதான்.

துணிவு நமக்குள் தானாக ஊறும் என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படி ஊறியதில்லை. தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில் இருந்தபோது அடுத்த வீட்டில் ஒரு டம்ளர் சீனி இரவல் வாங்குவோம், அந்த மாதிரிதான் எனக்குத் துணிவும் கிடைத்தது. கொடுத்தவர் வீட்டு டின்னிலும் சீனி அடியில்தான் கிடக்கும். இருந்தும் கொடுப்பார்கள். நல்ல கதையும் நல்ல படமும் அப்படித்தான் எனக்கு வந்து சேர்ந்தன, தங்களிடமே மிச்சம் இல்லாதவர்களிடமிருந்து.

முதலில் கொடுத்தது என் பாட்டி. அவர் கிறிஸ்தவர் இல்லை, தோட்டத்து மாரியம்மனுக்குத் தீ மிதித்தவர். 1943இல் தாத்தாவைச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பல்லாயிரம் பேர். காலரா, மலேரியா, பசி, அடி. அங்கே இறந்த வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, வரிசையாகக் கல் இருக்கிறது, கல்லில் பெயர் இருக்கிறது. நம் ஆட்களில் பெரும்பாலோருக்கு அப்படி ஒரு கல் இல்லை. அவர்கள் பெயர் இருந்ததெல்லாம் பாட்டிமார் வாயில்தான்.

பாட்டி அந்தக் கதையை நெத்திலித் தலை கிள்ளிக்கொண்டே சொல்வார். எப்போதும் ஒரே வரியில்தான் ஆரம்பிக்கும்: "அன்னைக்குப் பெரட்டுல பேரு கூப்பிட்டாங்க." பெரட்டு என்றால் காலையில் தொழிலாளர்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடுவது. யார் யார் பெயர், எந்த வரிசையில், யார் சட்டையில் பொத்தான் இல்லை, லாரி எந்த மரத்தடியில் நின்றது, எல்லாம் வரும். ஒரு தடவைகூட "எல்லாம் நன்மைக்கே" என்று சொன்னதில்லை. கடவுளைத் திட்டியும் நான் கேட்டதில்லை. லாரி போனதும் அவர் சொல்வது இதுதான்: "மறுநாள் எந்திரிச்சேன். மரவள்ளி நட்டேன்." சின்னப் பிள்ளையாக நான் ஒவ்வொரு தடவையும் தாத்தா திரும்பி வருவார் என்று காத்திருப்பேன். "அப்புறம் பாட்டி?" என்று கேட்டால், "அப்புறம் ஒங்கப்பன் வளந்தான்" என்பார்.

தாத்தா திரும்பி வராத அந்தக் கதை எப்படி எனக்குத் துணிவு தந்தது என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். கண்ணீரும் ஆறுதலும் கலந்து ஊட்டாமல் நடந்ததை நடந்தபடி அவர் சொன்னதுதான் காரணம் என்று படுகிறது. இவ்வளவும் நடந்த ஒருத்தி என் முன்னால் உட்கார்ந்து மீன் சுத்தம் பண்ணுகிறாள். அதைவிடப் பெரிய ஆதாரம் எனக்கு என்ன வேண்டும்?

தாத்தா சயாமுக்குப் போன அதே காலத்தில் சிங்கப்பூர்ச் சாங்கியில் ஒரு கைதி படம் வரைந்துகொண்டிருந்தார். ஸ்டான்லி வாரன். பிரிட்டிஷ் பீரங்கிப் படையைச் சேர்ந்தவர். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தபோது பிடிபட்டார். சீதபேதியும் சிறுநீரக நோயும் சேர்ந்து அவரை ராபர்ட்ஸ் பாரக்ஸில் கைதிகளுக்கான ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தன. அங்கே 151ஆம் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் புனித லூக்கா பெயரில் ஒரு சின்ன ஜெபக்கூடம் வைத்திருந்தார்கள். அதன் சுவரில் வரைந்து தரமுடியுமா என்று குருமார் கேட்டார்கள். நிற்கவே முடியாத மனிதர். கொஞ்ச நேரம் வரைவார், உட்கார்ந்து இளைப்பாறுவார், மறுபடி எழுந்து வரைவார்.

சாயத்துக்கு எங்கே போவது? ராணுவ வண்டிகளை மறைக்கப் பூசுகிற பழுப்புச் சாயம், கொஞ்சம் வெள்ளைச் சாயம், பில்லியர்ட்ஸ் ஆடும் கோலின் நுனியில் தேய்க்கிற நீலச் சாக்குக் கட்டி. மற்றக் கைதிகள் ஆபத்தைப் பார்க்காமல் அங்கே இங்கே தேடிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். முதல் படம், இயேசுவின் பிறப்பு, 1942 கிறிஸ்துமஸுக்கு முடிந்தது. "நல்மனம் உள்ளவர்களுக்குப் பூமியில் சமாதானம்" என்று அதில் எழுதினார். சிலுவைக் காட்சியில், "தந்தையே இவர்களை மன்னியும், தாங்கள் செய்வது இன்னதென்று அறியாமல் செய்கிறார்கள்" என்ற வரி. வெளியே காவல் நிற்பவன் அவரைச் சிறை வைத்தவன். அவன் காவலுக்குள் இருந்துகொண்டு இந்த வரியை எழுத எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! மொத்தம் ஐந்து படங்கள்.

நான் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அதிகம் நிறுத்திச் சொல்வது இதற்குப் பிறகு நடந்ததைத்தான். சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். படங்கள் மறைந்தன. 1958இல் யாரோ தற்செயலாகக் கண்டுபிடித்தார்கள். யார் வரைந்தது என்று தேடி, லண்டனில் ஓவிய ஆசிரியராக இருந்த வாரனைப் பிடித்தார்கள். வந்து புதுப்பித்துத் தரக் கேட்டபோது அவருக்குத் தயக்கம். அந்த வருடங்களை மறக்கத்தான் அவர் அவ்வளவு பாடுபட்டிருந்தார். கடைசியில் 1963இல் வந்தார், 1982இலும் 1988இலும் மறுபடி வந்தார். பாருங்கள், அந்தப் படங்கள் வலியை மறக்க வைக்கும் மருந்தாக இருந்திருந்தால் அவர் ஏன் அவற்றுக்குப் பயந்து ஒதுங்கியிருக்கப்போகிறார்? வலியெல்லாம் அந்தச் சுவரில்தான் இருந்தது. அதோடு சமாதானமும் அதே சுவரில் இருந்தது. இரண்டையும் ஒரே சுவரில் வைக்கத் தெரிந்திருந்தது அவருக்கு. சாங்கி அருங்காட்சியகத்தில் அந்தப் படங்களின் நகல்கள் இருக்கின்றன, சிங்கப்பூர்ப் பக்கம் போனால் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். ஐரோப்பாவில் கம்பு போன்ற ரை என்ற தானியத்தில் ஒரு பூஞ்சை பிடிக்கும். அந்த ரொட்டியைத் தின்றவர்களுக்கு உடம்பெல்லாம் எரியும், கை கால் அழுகும். இவர்களைப் பார்த்துக்கொள்ள ஈசன்ஹைம் என்ற ஊரில் துறவிகள் ஓர் ஆஸ்பத்திரி நடத்தினார்கள். அந்த மடத்துப் பீடத்துக்கு 1512 முதல் 1516 வரை மத்தியாஸ் குரூனவால்டு வரைந்த இயேசுவின் உடம்பு முழுக்கப் புண். தோல் பச்சை நிறமாகிவிட்ட உடம்பு. முதல் தடவை ஒரு புத்தகத்தில் பார்த்தபோது எனக்கு அருவருப்பாக இருந்தது. அங்கே படுத்திருந்த நோயாளி அதைப் பார்த்து என்ன நினைத்திருப்பார் என்று யோசித்ததும்தான் புரிந்தது. அழகான இயேசுவை அவருக்குக் காட்டியிருந்தால், அவர் தன் புண்ணோடு தனியாகத்தானே கிடந்திருப்பார்.

சரி, ஜெபத்துக்கு வருகிறேன். "படத்தை விடு, ஜெபம் பண்ணு" என்று சொல்பவர்கள் உங்கள் மேல் அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் கையில் வைத்திருக்கிற வேதாகமத்தின் நடுவிலேயே சங்கீதங்கள் என்று 150 பாட்டுகள் இருக்கின்றன. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். 13ஆம் சங்கீதம் "எதுவரைக்கும்" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறது. 88ஆம் சங்கீதம் இருட்டிலேயே முடிகிறது. கடைசி வரியில் ஓர் ஒளிக்கீற்றாவது வைத்திருக்கலாம், வைக்கவில்லை. அதையும் ஜெபம் என்று எண்ணித்தான் சேர்த்து வைத்தார்கள். உள்ளே ஒன்றும் அசையாத உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கும் அந்தப் புத்தகத்தில் இடம் இருக்கிறது, தங்கச்சி. அந்த 88ஐ எடுத்துச் சத்தமாகப் படியுங்கள். யாராவது கேட்டால் ஜெபம் பண்ணுகிறேன் என்று சொல்லுங்கள், அது உண்மைதான்.

என் ஒன்றரை வருடத்தில் எனக்கு ஒட்டிக்கொண்ட கதை மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம். நடக்கமுடியாத ஒருவனை நாலு பேர் தூக்கி வருகிறார்கள், கூட்டத்தில் நுழைய முடியாமல் கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். அப்போது இயேசு பார்த்தது யாருடைய விசுவாசத்தை? "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்றுதான் எழுதியிருக்கிறது. படுத்திருந்தவனுக்கு ஏதாவது விசுவாசம் இருந்ததா என்று கதை விசாரிக்கவே இல்லை. இதைப் படித்த அன்று எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. என் வாய் வெறுமனே ஆமென் சொன்ன அந்த நாட்களில் பக்கத்துப் பெஞ்சிலிருந்த பெண்கள் எனக்கும் சேர்த்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். கட்டிலின் ஒரு முனையை அவர்கள் பிடித்திருந்தார்கள். நீங்கள் சபைக்குப் போவதை நிறுத்தாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். ஒன்றும் உணராவிட்டாலும் போய் உட்காருங்கள்.

வேதாகமத்திலேயே இன்னொருவர் இருக்கிறார், எலியா. பெரிய தீர்க்கதரிசி. ஒருநாள் வனாந்தரத்தில் சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்கிறார். அவரிடம் வந்த தூதன் பிரசங்கம் பண்ணவில்லை, ஏன் நம்பிக்கை இழந்தாய் என்று கேட்கவில்லை. தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடி தூங்கிவிடுகிறார். மறுபடியும் எழுப்பி மறுபடியும் சாப்பாடு. அதற்கப்புறம்தான் பயணம், அதற்கப்புறம்தான் கடவுளோடு பேச்சு. அதனால் கேட்கிறேன், அம்மா சாப்பிடுகிறாரா? நீங்கள் தூங்குகிறீர்களா? ஏழு மாதமாகத் தூக்கமும் சாப்பாடும் சரியில்லை என்றால் பக்கத்து அரசாங்கக் கிளினிக்கில் டாக்டரிடம் சொல்லுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்று நினைப்பு வந்தால் ஒரு நிமிடமும் தனியாக இருக்காதீர்கள், பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பில் இரவு பகல் எந்நேரமும் பேச ஆள் இருக்கிறார்கள். மருந்து சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று யார் சொன்னாலும் அந்த அடையை ஞாபகப்படுத்துங்கள்.

கதை நேர விரயம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்க் கிறிஸ்தவர்கள் கதை இல்லாமல் விசுவாசத்தை வளர்த்ததே கிடையாது. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் 1800 வாக்கில் பெத்தலகேம் குறவஞ்சி பாடினார். கூடையும் கையுமாகக் குறி சொல்லவரும் குறத்தியை அவர் பெத்லகேமுக்கே கூட்டிப்போய்விட்டார். இங்கிலாந்தில் ஜான் பனியன் என்ற பாத்திரம் ஒட்டுகிற தொழிலாளி, அனுமதி இல்லாமல் பிரசங்கம் செய்ததற்காக 12 வருடம் சிறையில் கிடந்தார். அங்கே காலணிக் கயிறு செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். அவர் எழுதிய பயணக் கதையை எடுத்துத்தான் திருநெல்வேலி எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1894இல் இரட்சணிய யாத்திரிகம் என்று தமிழ்க் காப்பியமாக்கினார். பனியனின் கதையில் நம்பிக்கையிழப்பு என்பவன் ஓர் அரக்கன். பயணியைப் பிடித்துக் கோட்டையில் அடைத்து, அடித்து, தற்கொலை செய்துகொள்ளச் சொல்கிறான். சில நாள் கழித்துத்தான் பயணிக்கு ஞாபகம் வருகிறது, வாக்குறுதி என்ற சாவி தன் மார்புச் சட்டைக்குள்ளேயே இருக்கிறதென்று. சிறையில் இருந்த மனிதனுக்குத்தான் சாவியைப் பற்றி இப்படிக் கற்பனை வரும்.

இப்போது எங்கள் கோயிலின் கதை. நான் பிறந்த தோட்டத்தில் ஒரு பலகைக் கோயில் இருந்தது. அங்கே எல்லாம் அப்போது ரப்பர். செம்பனைக்கு மாறியது பின்னால்தான், ஆனால் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமே 1917இல் எங்கள் ஊர்ப் பக்கத்துத் தென்னமரம் தோட்டம்தான். தோட்டத்தை வீட்டு நிலமாக விற்றபோது எங்களுக்குக் கிடைத்தது மூன்று மாத நோட்டீஸ். லயத்தோடு கோயிலையும் இடித்தார்கள். இயேசு சிலுவை சுமந்து போன வழியைப் பதினாலு நிலைகளாகக் காட்டுகிற சிலுவைப்பாதைப் படங்கள் பதினாலும் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தன. மழையில் ஓடிப்போய் எடுத்ததில் பதினொன்றுதான் முழுசாகக் கிடைத்தது. ஆறு, ஒன்பது, பதின்மூன்று, இந்த மூன்றும் நசுங்கிப்போயின. சட்டங்களை மட்டும் தச்சர் ஒருவர் நேராக்கிக் கொடுத்தார்.

பல வருடம் அந்த மூன்று சட்டமும் காலியாகவே தொங்கின. கணவர் இறந்த பிறகு வந்த இரண்டாவது தவக்காலத்தில்தான் மறைக்கல்விப் பிள்ளைகளிடம் கேட்டேன், நீங்கள் வரைகிறீர்களா என்று. ஆறாம் நிலை, வெரோணிக்கா இயேசுவின் முகத்தைத் துடைப்பது. பதினொரு வயதுப் பெண் ஒருத்தி வரைந்தாள். ரப்பர் மரத்தில் பால்வெட்டுவதை அவள் கண்ணால் பார்த்ததில்லை, பாட்டியிடம் கேட்டுக் கேட்டு வரைந்தாள். அவளுடைய வெரோணிக்கா தலையில் துண்டு கட்டியிருந்தாள், நெற்றியில் விளக்கு, இடுப்பில் வெட்டுக்கத்தி. விடிவதற்கு முன்னால் தன் ரப்பர் மர நிரைக்குப் போகிற வழியில் யாரோ விழுந்து கிடப்பதைப் பார்த்துத் தலைத்துண்டை அவிழ்க்கிறாள். புனித வெள்ளியன்று அந்தப் படத்துக்கு முன்னால் நின்ற கிழவி ஒருவர், "இது நாந்தான்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக நான் கோயிலில் அழுதேன்.

பதின்மூன்றாம் நிலையை இரண்டு அண்ணன் தம்பிகள் சேர்ந்து வரைந்தார்கள். மாதா மடியில் கிடக்கிற இயேசுவுக்குத் தங்கள் அண்ணன் முகத்தை வைத்திருந்தார்கள். மோட்டார் சைக்கிள் விபத்தில் போனவன். அவர்களின் அம்மாவிடம் முன்கூட்டியே காட்டிச் சம்மதம் வாங்கினோம்.

ஒன்பதாம் நிலை, இயேசு மூன்றாம் முறை விழுவது. அதை இன்னும் யாரும் வரையவில்லை.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், உங்கள் சபையில் சிலுவைப்பாதை இல்லாததால் தெரியாமல் இருக்கலாம். இயேசு வழியில் விழுந்தார் என்று நான்கு நற்செய்திகளில் எதிலும் இல்லை. வெரோணிக்காவும் அவற்றில் இல்லை. பல நூற்றாண்டுகளாகச் சிலுவையின் பின்னால் நடந்த மக்கள் சேர்த்துக்கொண்டவை இவை. 1731இல் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெண்ட் பதினாலு நிலைகள் என்று நிலைப்படுத்தினார். 1991இல் இரண்டாம் யோவான் பவுல் வேதாகமத்தில் உள்ள காட்சிகளை மட்டும் வைத்து இன்னொரு வரிசையையும் பயன்படுத்தினார், அதில் விழுவது கிடையாது. இரண்டும் சரிதான். ஆனால் எங்கள் தோட்டத்து ஜனம் பழைய வரிசையை விடமாட்டார்கள், நானும் விடமாட்டேன். விழுகிற மக்களுக்குத் தங்களோடு விழுகிற கடவுள் வேண்டியிருந்தார். ஒருமுறை போதவில்லை, மூன்று முறை விழவைத்தார்கள். முதல் தடவை விழுந்தால் தூக்கிவிட ஆள் வரும். மூன்றாம் தடவை விழும்போது பார்த்தவர்களே சலித்துப்போவார்கள். அந்த இடத்திலும் அவர் இருக்கிறார் என்று யாரோ ஒரு பெயர் தெரியாத கிழவனோ கிழவியோ கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார். என் கேள்விக்கும் உங்கள் கேள்விக்கும் எனக்குக் கிடைத்த பதில் இந்த நிலைதான். கதையும் படமும் விசுவாசமும் அங்கே மூன்றாகத் தனித்தனியாக இல்லை.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன். பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். அப்பா வேலைக்குப் போன ஒருநாளை, எழுந்ததிலிருந்து படுத்தது வரை, எழுதுங்கள். அழகாக எழுதாதீர்கள், என் பாட்டி சொன்னதுபோல எழுதுங்கள். சட்டை என்ன நிறம், சாப்பாட்டுத் தூக்கில் என்ன இருந்தது, அரிவாள் கட்டிய நீளக் கழியை மோட்டார் சைக்கிளில் எப்படி வைத்துக் கொண்டுபோவார். தெரியாத இடம் வரும். அங்கே அம்மாவிடம் கேளுங்கள். "மனசு எப்படி இருக்கும்மா" என்று கேட்டால் அவர் பேசமாட்டார். "அப்பா அந்தத் தொப்பியை எங்கே வாங்கினாரு" என்று கேட்டால் பேசலாம். பேசாவிட்டாலும் பரவாயில்லை, மறுநாள் வேறு ஒன்றைக் கேளுங்கள். அப்புறம் அப்பாவின் கையை வரையுங்கள். முகம் வேண்டாம், முகம் இப்போது ரொம்ப வலிக்கும். கை மட்டும்.

அது முடிந்தபின், மனம் இருந்தால், எங்கள் கோயிலுக்கு வாருங்கள். நீங்கள் வேறு சபை என்பதைப் பற்றி யோசிக்க வேண்டாம், பாதிரியாரிடம் நான் பேசிக்கொள்கிறேன். சனிக்கிழமை மாலை நாலு மணிக்குப் பிள்ளைகள் வருவார்கள், ஆறு மணி வரை இருப்போம். அம்மாவையும் கூட்டி வாருங்கள், பேசாமல் உட்கார்ந்திருக்க நல்ல இடம், தேத்தண்ணீர் நான் போடுகிறேன். சட்டத்தின் உள் அளவு 13 அங்குலம் அகலம், 18 அங்குலம் உயரம். தாள் என்னிடம் இருக்கிறது, கரிப்பென்சிலும் இருக்கிறது. விழுந்து கிடப்பவருக்கு யார் கையை வரைவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.